அது அபயக்கரம் அன்று

என் மகனுக்கு,

நலம் கேட்டுத் தொடங்குவது நம் வீட்டுக் கடிதங்களின் முறை. அதைக் கேட்கும் உரிமையை நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாற்பது பேர் அமர்ந்திருந்த கூடத்தில் நானே கைவிட்டேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் நீ அனுப்பிய செய்தியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். "நாவல் ரெண்டாம் பதிப்பு வருது. நிறைய பேருக்குப் புரியலையாம். கடைசியில என்ன நடந்ததுன்னு ஒரு அத்தியாயம் சேக்கச் சொல்றாங்க. உன்னைக் கேக்காம எழுத மாட்டேன். எழுதவா?" அதில் 'அம்மா' என்ற சொல் இல்லை. ஞாயிறுதோறும் அம்பத்தூரிலிருந்து வந்து, என் சமையலறை வாசலில் நின்றபடியே ஒரு வாரச் செய்தியைச் சொல்லித் தீர்க்கும் நீ, அந்த மாலைக்குப் பிறகு கரையான்சாவடிப் பக்கம் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கேள்விக்கு என் விடை இதுதான்: அத்தியாயம் எதையும் சேர்க்காதே. ஆனால் உன் நாவலில் ஒரு பிழை இருக்கிறது. பத்தொன்பது அத்தியாயங்களில், பத்தொன்பது இடங்களில், அதே பிழை. ஓதும்போது யாரேனும் ஒரு சீரைத் தவறவிட்டால் கண்ணை மூடியபடியே பிடித்துவிடுவேன் என்று என்னைக் கேலி செய்வாய் அல்லவா? உன் நூலிலும் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிட்டேன். பிடித்தும் வாளாவிருந்தேன், ஏனெனில் அந்தப் பிழையை உனக்குக் கற்பித்தவள் நான். அதைத் திருத்தவே இக்கடிதம். இந்த மாதக் கடைசி ஞாயிறன்று அதே கூடத்தில், அதே மனிதர்கள் முன்னால் இதைப் படிக்கவும் போகிறேன். நீ நன்கறிந்தவற்றை ஆங்காங்கே நின்று விளக்குகிறேன் என்றால் அது அவர்களுக்காக என்று பொறுத்துக்கொள்.

அவர்கள் முதலில் அறிய வேண்டியது, எனக்குப் பிள்ளைகள் இருவர் என்பது. மூத்தவள் ஏழு வயதில் இறந்துபோனாள். அப்போது உனக்கு வயது ஐந்து. உன் அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நாம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவள் போன பிறகு முப்பத்தொரு ஆண்டுகளில் அவள் பெயர் நம் வீட்டில் பத்து முறை ஒலித்திருக்குமா என்பது ஐயம். இதற்குத் துக்கம் மட்டும் காரணமன்று. நான் ஒரு நெறியில் வளர்ந்தவள். இதிகாசத்தைப் பாராயணம் செய்கிறவர்கள், களத்தில் ஒருவர் வீழ்ந்து கிடக்கும் இடத்திலோ, ஒருவர் காடேகும் இடத்திலோ அன்றைய வாசிப்பை நிறுத்த மாட்டார்கள். தொடர்ந்து படித்து, வீழ்ந்தவர் எழுகிற பாடல் வந்த பிறகே ஏட்டை மூடுவார்கள். அவ்வளவு தூரம் செல்ல நேரமில்லையெனில், முன்னால் வந்த நற்பாடல் ஒன்றுக்குத் திரும்பி, அதை ஒருமுறை ஓதி மங்களமாக முடிப்பார்கள். அழகான நெறிதான். அதை ஏட்டோடு வைத்திருக்க வேண்டிய நான் சோற்றுத் தட்டுவரை கொண்டுவந்துவிட்டேன். நீ சிறுவனாக இருந்தபோது சாப்பிடும் இடத்தில் 'அக்கா' என்று தொடங்குவாய். நான் உடனே, "கொய்யாப்பழம் வாங்கி வெச்சிருக்கேன், வேணுமா?" என்பேன். நீயும் வேண்டும் என்பாய். பேச்சு நல்ல இடத்துக்குத் திரும்பிவிடும். உன் அப்பா மூன்றாண்டுகளுக்கு முன் கண்மூடும் வரையில் எங்கள் இருவருக்குள்ளும் அவளைப் பற்றிய பேச்சு எப்போதும் இப்படியே மங்களமாக முடிந்தது.

உன் நூல் கைக்கு வந்தபோது, பாசுரங்களையும் பதிகங்களையும் படிக்கிற முறையில், பக்கத்தில் பென்சில் வைத்துக்கொண்டுதான் அமர்ந்தேன். முதல் வாக்கியமே மூன்று பக்கம் ஓடிற்று. யாருக்கும் பெயர் இல்லை. அவன், அவள், ஒரு கை. ஒவ்வொரு அத்தியாயமும் எங்கெங்கோ சுற்றி ஒரு மண்டபத்தின் வாசலுக்கு, கழற்றிவிட்ட செருப்புகளின் அருகே வந்து நிற்கிறது. உள்ளே கை ஒன்று உயர்கிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் செருப்புகளின் நடுவே உட்கார்கிறான். அந்தக் கணத்திலேயே கதை திரும்பி, முன்னொரு நல்ல நாளுக்குப் போய்விடுகிறது. பேருந்தில் சன்னலோர இடத்துக்காக இருவர் அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி கொய்யாவைக் கடித்துப் பாதியைத் தருகிறாள். பதினொன்றாம் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்தேன். நீ தொலைபேசியில் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது, "ஒண்ணும் புரியலப்பா" என்றேன். நீ சிரித்து, "பரவால்ல விடு. உனக்குன்னு தனியா பதவுரை, பொழிப்புரை போட்டு ஒண்ணு அச்சடிச்சுத் தரேன்" என்றாய். நானும் சிரித்தேன். புரியவில்லை என்ற சொல் எவ்வளவு வசதியான இருப்பிடம் என்று அன்றுதான் கண்டேன். உன் நாவல் கடினமானது என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்த இருப்பிடத்தில் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் இருந்தேன்.

பிறகு அந்த ஞாயிறு. எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கும் நித்யா, கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் கோவில்பட்டிப் பெண், மாதம் ஒருமுறை கீழ்க்கூடத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறாள். அந்த மாதம் உன் நூல். நீ பின்வரிசையில் அமர்ந்தாய். தொடக்கத்திலேயே கூடம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெருமாள், புத்தகத்தை உயர்த்திக் காட்டியபடி எழுந்தார்.

"இன்னா தம்பி இது? நானூறு பக்கம் படிச்சிகினு வரேன், அந்தப் பொண்ணு யாருன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன்றியே! வண்டி கெளம்புது, கெளம்புதுன்னு பாத்தா, மறுபடி டிப்போவுக்குள்ளயே பூந்துகினு நிக்குது. பாசஞ்சர் எறங்கிப் பூட மாட்டான்?"

எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நித்யாவுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. "வண்டி போகாததுதான் சார் கதையே. எங்க வீட்லயும் பேசக் கூடாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதுகிட்ட பேச்சு போனாலே எல்லாரும் சட்டுனு சாப்பாட்டப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவாங்க. நாப்பது பக்கத்துக்கு ஒருக்கா புத்தகத்த மூடி வெச்சுட்டு அழுதேன் சார்."

"அழுவறதுக்கு ஒரு ஆளு பேராவது வேணாமாம்மா? யாருக்குன்னு அழுவறது?" என்றார் பெருமாள்.

பின்னர் 'அவள்' யார் என்ற வழக்கு எழுந்தது. விட்டுச் சென்ற காதலி என்றார் ஒருவர். ஆன்மா என்றார் இன்னொருவர். செத்துப்போன வளர்ப்பு நாயாக இருக்கலாம் என்று ஒருவர் மிகுந்த தயக்கத்துடன் சொல்ல, பெருமாள், "நாய்க்கு எதுக்குப்பா சன்னல் சீட்டு?" என்றார். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு பேச்சு கைக்குத் திரும்பிற்று. ஆசிரியரின் கை என்றார்கள், அதிகாரத்தின் கை என்றார்கள், வண்டியை நிறுத்துகிற கை என்றார்கள். நித்யா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கதான் சொல்லணும். எழுதினவரோட அம்மா. அது போதாதுன்னு இவ்வளவு படிச்சவங்க. அந்தக் கை யாரோடதும்மா?"

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றிருந்தது. முன்னிருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு சற்றே முன்னால் சாய்ந்திருந்தாய். நானூறு பக்கமும் நீ எழுதியது அந்த ஒரு கேள்வியை யாரேனும் என்னிடம் கேட்க வேண்டும் என்பதற்காகவே என்று எனக்குத் தோன்றிற்று. என் கை என்று இரண்டு சொற்கள் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அது அம்பாளின் அபயக்கரம் என்று தொடங்கினேன். அஞ்சாதே என்று உலகைக் காக்கும் கை. அதைக் கண்ட பிறகு ஜீவனுக்குப் பேச்சு அடங்குகிறது. ஆகவேதான் அவன் ஒன்றும் சொல்லாமல் அமர்கிறான். செருப்பு என்பது கழற்றிவிட்ட அகந்தை. இப்படிப் பத்து நிமிடம், இடையிடையே பாடல்களை ஓதியபடி. சொல்லச் சொல்ல எனக்கே அது அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. கூடம் கைதட்டிற்று. "அட, இத மொத பக்கத்துலயே போட்டிருக்கக் கூடாதா? இப்ப ஷோக்கா புரிஞ்சிச்சி!" என்றார் பெருமாள். நான் அமர்ந்து பின்னால் திரும்பினேன். உன் நாற்காலி காலியாக இருந்தது.

அன்று என்னுடன் சரோஜாவும் வந்திருந்தாள். ஆவடிக் காலத்திலிருந்து பாராயணக் குழுவில் என் வலப்புறம் அமர்பவள் அவள். கூடத்தைவிட்டு வெளியே வரும்போது, "ரொம்ப நல்லாப் பேசினே. எனக்கே புல்லரிச்சுப் போச்சு" என்றாள். வாசல் வந்ததும் நின்றாள். "அன்னிக்கு நானுந்தான்டி உன் பக்கத்துல உக்காந்திருந்தேன். அம்பாளாம்ல." அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பாராயணத்துக்கு வரவில்லை. என் வலப்புறம் இன்றுவரை ஒரு மணை காலியாகவே போடப்படுகிறது.

என் மூத்தவள் இறந்த அன்று என்ன நடந்தது என்பதைக் கூடத்திலிருப்போருக்குச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸ் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு மாதமாக நடந்த பாராயணம் நிறைவை நெருங்கிய நாள். அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மருந்து கொடுத்திருந்தேன். காலையில் நெற்றி சற்றுக் குளிர்ந்திருந்தது. உன் அப்பா பணிக்குப் போயிருந்தார். "அக்காவப் பாத்துக்கோ, ஏதாவதுன்னா ஓடி வந்து சொல்லு" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, எதிரிலிருந்த மண்டபத்துக்குப் போனேன். வாசித்தது நான்தான். உச்சிப்பொழுது கடந்து சற்று நேரத்தில், களத்தில் வீழ்ந்தவரைச் சுற்றி நின்று எல்லோரும் புலம்பும் பகுதி வந்தது. நெறிப்படி அந்த இடத்தில் வாய் நிற்கக் கூடாது. அவர் எழுந்து அமரும் பாடல் இன்னும் அறுபது எழுபது பாடல்களுக்கு அப்பால் இருந்தது. அப்போது நீ வாசலில் வந்து நின்றாய். நான் ஏட்டிலிருந்து கண்ணை எடுத்து உன்னைப் பார்த்தேன். இரு என்று இடக்கையை உயர்த்தினேன். நீ செருப்புகளின் நடுவே உட்கார்ந்தாய். நான் படித்தேன். அவசரப்படாமல், ஒரு பாடலையும் விடாமல், வீழ்ந்தவர் எழுகிற வரையில் படித்தேன். கற்பூரம் காட்டினோம். உன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் அடங்கிவிட்டிருந்தாள். முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் கேட்கவில்லை. விடை தெரியாதவரையில் வாழ்ந்துவிடலாம் என்று எண்ணினேன், வாழ்ந்தும்விட்டேன்.

மாலையில் உன் அப்பா வந்தார். அழவில்லை. "பையன் வந்து உங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார். நீ கட்டில் காலைப் பிடித்தபடி நின்றிருந்தாய். "வந்தான். ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டான்" என்றேன். அவர் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அவனுக்கு என்ன தெரியும், பச்சப் புள்ள" என்றார். பதினாறாம் நாள் வந்த உறவினர்களும் அதையே சொன்னார்கள். உன் ஆறாம் வயதிலும் பத்தாம் வயதிலும், வீட்டுக்கு வந்தவர்கள் உன் தலையைத் தடவி, சொல்லத் தெரியாத பிள்ளை என்று இரக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் அங்கே இருந்தேன்.

நீ எதையும் இரண்டு முறை சொல்லத் தொடங்கியது எந்த வயதில் என்று எனக்கு நினைவில்லை. "அம்மா, கேஸ் அணைச்சுட்டேன். அம்மா, கேஸ் அணைச்சுட்டேன்." "நாளைக்கு ஸ்கூல் லீவு. நாளைக்கு லீவும்மா." முப்பத்தாறு வயதில், நிறுவனத்தில் பலரை வழிநடத்துகிறவன், நான்கு மாதங்களுக்கு முன்புவரை என் சமையலறை வாசலில் நின்று அப்படித்தான் சொன்னாய். நான் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்! "ஒரு தடவ சொன்னாப் போதும்டா, எனக்குக் காது கேக்கும்" என்று. உன் நாவலைப் படித்தவர்களில் பாதிப் பேர், இவன் ஏன் சொன்னதையே சொல்கிறான் என்று சலித்துக்கொண்டபோது, அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்த எனக்கு அதன் காரணம் தெரியும். தெரிந்தே அம்பாளை அழைத்தேன். அவளுக்கும் நான் இழைத்த குற்றம் அது. என் கையைக் கொண்டுபோய் அவள் தோளில் பொருத்திவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தச் சந்நிதியில் நின்றாலும் முகம்வரை கண் எட்டுவதில்லை; கையிலேயே நின்றுவிடுகிறது.

பெருமாள் மேல் உனக்கு வருத்தம் வேண்டாம். வண்டி கிளம்பவில்லை என்று அவர் சொன்னது உண்மை. கிளம்பாததுதான் கதை என்று நித்யா சொன்னதும் உண்மை. எதிரே ஒருத்தி கை காட்டி நின்றுகொண்டிருந்தால் ஓட்டுகிறவன் என்ன செய்வான்? நானூறு பக்கமும் நீ என்னை மோதாமல் ஓட்டியிருக்கிறாய். துயரத்தின் வாயிலுக்கு வந்ததும் ஒரு நல்ல நாளுக்குத் திரும்பிவிடும் அந்த முறையை நீ எங்கே கற்றாய் என்று அறிந்தபோது எனக்குப் பெருமை வரவில்லை. உன்னை நான் எவ்வளவு நன்றாகப் பயிற்றுவித்திருக்கிறேன் என்று அச்சமே வந்தது. அறிவுரை என்று உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது: உன் வாசகர்களுக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக எதையும் விளக்காதே, உன் தாய்க்கு எளிதாக வேண்டும் என்பதற்காக எதையும் மறைக்காதே. நூல் நீ எழுதியபடியே இருக்கட்டும். 'அவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்கிறான்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்தொன்பது இடங்களிலும் அடித்துவிடு.

இதுவரை நான் எழுதிய எல்லாக் கடிதங்களும் வாழ்த்திலோ ஒரு நற்பாடலிலோ முடிந்தன. இது அப்படி முடியாது. பெயர் கேட்ட பெருமாளுக்காகவும் எனக்காகவும் சொல்கிறேன்: அவள் பெயர் கோமதி. அன்று மண்டபத்து வாசலில் நீ செருப்புகளைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தாய். உனக்கு மூச்சு வாங்கிற்று. "அம்மா, அக்காவுக்குக் கண்ணு மேல போவுது, கூப்ட்டா பேச மாட்டேங்கிறா" என்றாய். சரோஜா என் முழங்கையைத் தொட்டாள். அதன் பிறகுதான் நான் கையை உயர்த்தினேன்.

நீ சொன்னாய், மகனே. ஒரு முறைதான் சொன்னாய். எனக்குக் கேட்டது.

உன் அம்மா